இடது இமை

"வேணாம்னு நான் சொல்லல. எதுக்குன்னுதான் கேக்கறேன்."

"எதுக்குன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? என் முகம். தினம் நான்தான் கழுவறேன்."

"வெட்டி, இழுத்து, தைக்கிற வேலை. நாளைக்கே ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நானே பாத்துக்கறேன். அதைப் பண்ணுங்க இதைப் பண்ணுங்கன்னு உங்ககிட்ட வந்து நிக்க மாட்டேன். போதுமா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். துவைத்த துணிகள் கட்டில் முழுக்கக் கிடந்தன. அவருடைய சட்டை ஒன்றை நெஞ்சோடு வைத்து மடித்துக்கொண்டேதான் அவள் அப்படிச் சொன்னாள். சண்டை என்று சொல்ல முடியாது. இருபத்து நாலு வருடம் கணவன் மனைவியாக ஒரே வீட்டிலும் ஒரே கடையிலும் சேர்ந்து இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. ஆனால் சொன்ன சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். எட்டு மாதமாக அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வீட்டில் நடமாடினாள்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தபோது தாடையும் கழுத்தும் கேட்டபடியே இருந்தன. பத்து வருடத்தைப் பிடித்து யாரோ காதுக்குப் பின்னால் சொருகிவிட்ட மாதிரி. இடது கண் மட்டும் மூடவில்லை. மூடச் சொன்னால் வலது இமை இறங்கியது. இடது இமை பாதியில் நின்றது. விழி மேலே ஏறி, அடியில் வெள்ளை மட்டும் தெரிந்தது. "நரம்பு கொஞ்சம் அதிர்ச்சியில இருக்கு. தானா சரியாயிடும். மூணு மாசம் பொறுங்க" என்றார் அறுவை செய்த அழகு டாக்டர். மூன்று மாதம் கழித்து "ஆறு மாசம்" என்றார். அதற்குப் பிறகு போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

கடை என்பது அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோ. வீட்டுக்குக் கீழேயே இருந்தது. முன்னால் ஒரு மேசை, நடுவில் திரை, திரைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரும் இரண்டு விளக்குகளும் ஒரு ஸ்டூலும். படம் எடுப்பது அவள். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து அச்சடிப்பது அவர். பாஸ்போர்ட், அடையாள அட்டை, வேலைக்கு மனு போடுகிறவர்கள், இறந்துபோனவரின் பழைய படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்கிறவர்கள் என்று நாள் முழுக்க யாராவது வருவார்கள். தெருவில் அவளுக்குச் 'சிரிப்பக்கா' என்று பெயர். "சிரிக்காதீங்க, சிரிச்ச மூஞ்சிய ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க" என்று அவள் சொல்கிற தோரணையிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்கூடச் சிரித்துவிடுவான். அதைக் கெடுக்காமல் அந்தச் சிரிப்பு அடங்கி முகம் இளகுகிற அரை நொடியில் அவள் பொத்தானை அழுத்துவாள். அதுதான் அவள் தொழில் ரகசியம். வேறு ஸ்டுடியோவில் எடுத்தால் திருடன் மாதிரி விழுகிற முகம், இவளிடம் எடுத்தால் மனுஷன் மாதிரி விழும்.

இப்போது அவள் கண் சிமிட்டும்போதெல்லாம் வலது இமை மட்டும் மூடித் திறந்தது. பார்ப்பவர்களுக்கு அது கண்ணடிப்பதாகத் தெரிந்தது. போன வாரம் ஒரு லாரி டிரைவர் லைசென்சுக்குப் படம் எடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், நெளிந்து, பின் தயங்கி, "அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றார்.

"எனக்கு ஒண்ணு, வெளியூர்ல படிக்குது. நேராப் பாருங்க."

திரைக்கு அப்பால் கணவர் களுக்கென்று சிரித்தது கேட்டது. அவளும் சிரித்திருப்பாள். உதட்டின் இடது ஓரம் கூடவே வராது என்பதால் இப்போதெல்லாம் சிரிப்பு வந்தால் விழுங்கிவிடப் பழகியிருந்தாள். கேமராவில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் சிரமமாகிவிட்டது. இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வலது கண்ணால் பார்த்துப் பழகிய கை. இடது கண் இடுங்காது, அதன் மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் எடுத்தாள். விளக்கு பளிச்சிட்டால் கண்ணுக்குள் மணலை வீசியது போல இருக்கும். மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கண்ணிலிருந்து மட்டும் நீர் வழியும். துக்கமே இல்லாமல் ஒரு கண் அழுகிற முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு யாரால் சாப்பிட முடியும் என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவருடைய அக்கா ஒருநாள் வந்தாள். பெரிய நாத்தனார் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லாவற்றையும் அடுத்தவர் மனசில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியேடி. இந்த வயசுல யாரு உன்னைப் பொண்ணு பாக்க வரப்போறாங்க? கண்ணு கெட்ட பிறகு..." என்றவள், சொல்ல வந்த பழமொழி எங்கே போகிறது என்று அவளுக்கே தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டீ ஒரு வாய் போட்டுக் குடேன்" என்றாள்.

"சொல்லி முடிங்க அண்ணி, பரவாயில்ல" என்றாள் அவள். நாத்தனார் டீயைக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

எதற்காகச் செய்துகொண்டாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய அளவுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் சங்கத்தில் புது அட்டை கொடுப்பதற்காக ஒருநாள் அவளே ஸ்டூலில் உட்கார்ந்தாள், அவர் படம் எடுத்தார். சாயங்காலம் அவள் டீ கொண்டுபோனபோது கம்ப்யூட்டர் திரையில் அவள் முகம் பெரிதாக இருந்தது. அவர் வானொலியில் ஏதோ செய்தி கேட்டுக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். தாடைக்குக் கீழே தொங்கிய சதையைச் சுற்றி ஒரு கோடு போட்டார், உள்ளே தள்ளினார். கண்ணுக்கடியில் இருந்த பைகளைத் துடைத்தார். இடது புருவத்தை ஒரு நூல் அளவு தூக்கினார். வாடிக்கையாளர் யாருக்கும் செய்வதைப் போலவே. ஒரு முறைகூட நிறுத்தி யோசிக்கவில்லை. அவள் டம்ளரை வைத்த சத்தத்தில்தான் திரும்பினார்.

"அட, கைப்பழக்கம்" என்றார். பழையபடி மாற்றவும் செய்தார். ஆனால் அதற்குள் ஒரு பிரதி அச்சாகி வெளியே வந்து விழுந்திருந்தது. அவர் கவனிக்காதபோது அதை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வருடம் புடவைகளுக்கு அடியில் கிடந்தது அது. முதல் நாள் அழகு டாக்டர், "எப்படி இருக்கணும்னு ஏதாவது ஐடியா இருக்கா?" என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அது அவருக்குத் தெரியாது. தெரியாதவரை அந்தக் கோபம் அவளுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. கண் எரிகிறபோது, சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோகிறபோது, 'இது நீங்க செஞ்சது' என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

அவரை மோசமானவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மின்விசிறிக் காற்று கண்ணை உலர்த்திவிடுகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே படுக்கையறை விசிறியை நிறுத்தினார். அந்த வெக்கையில் எட்டு மாதமாக, பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்திருக்கிறார். தெருவில் நடந்தால் புழுதி வருகிற பக்கமாக வந்துகொள்வார். அது பெரும்பாலும், அந்தக் கண் பார்வைக்குப் படாத வலப் பக்கமாகவே அமைந்துவிடும். புழுதிக்காகத்தானா என்று அவள் கேட்டதில்லை.

தூங்கப் போகும் முன் கண்ணில் களிம்பு போட்டு, இமையை இழுத்து மூடி, டேப் ஒட்ட வேண்டும். இரவிலும், மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் படுக்கிறபோதும். முதல் வாரத்தில் அவர் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "குடு, நான் ஒட்டறேன்" என்று நின்றார். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "வேணாம். நானே பாத்துக்கறேன்." அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷர்; அதுதான் அவரிடம் சங்கடம்.

கதவைச் சாத்தியதற்குச் சொன்ன சொல் மட்டும் காரணமில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் மாமியாரின் மூச்சு நின்றபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பார்த்தாள். அவர் குனிந்து, கட்டைவிரலும் நடுவிரலுமாக, அம்மாவின் இரண்டு இமைகளையும் மெதுவாக இறக்கிவிட்டார். மிக நேர்த்தியாகச் செய்தார். அந்தக் கை தன் முகத்துக்கு மேல் வருவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு சில்லிட்டது. எட்டு மாதத்தில் எத்தனையோ முறை, கண்ணாடி முன் களிம்பு பிசுபிசுக்கும் விரலோடு டேப்பின் நுனியைத் தேடித் தோற்று, கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டுவிடலாம் என்று தாழ்ப்பாள்வரை கை போயிருக்கிறது. போன கை திரும்பிவந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து டேப்பைப் பிரித்தபோது ஊசி இறங்கியது போல வலித்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். தேதி இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கறை. அவள் எதுவும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த கடைச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். கூந்தலைத் தூக்கிக் கட்டி, தூக்கம் போதாத கண்களோடு இருந்தாள். நீல வெளிச்சத்தை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"கருவிழியில புண் விழுந்திருக்கும்மா. தூங்கும்போது டேப் யாரு ஒட்டறாங்க?"

"நானேதான்."

"கண்ணாடியைப் பாத்தா?"

"ஆமா."

டாக்டர் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். "ஒரு கண்ணால கண்ணாடியைப் பாக்கணும்னா அதைத் திறந்து வெச்சிருக்கணும் இல்லையா? ரெண்டு கண்ணோட இமையும் சேந்துதான் தூக்கும். ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணும் திறக்கும். அப்ப நீங்க ஒட்டின டேப்புக்கு உள்ள கண்ணு திறந்துதான் இருந்திருக்கு. அந்த டேப்பே ராத்திரி பூரா கருவிழியை உரசியிருக்கு. இதை நாமளே நமக்குச் செஞ்சுக்க முடியாது. ரெண்டு கண்ணையும் மூடிட்டுக் கீழே பாக்கணும், வேற ஒருத்தர் இமையை முழுசா இறக்கி ஒட்டணும். இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"ஒரு காகிதம் குடுத்தாங்க."

"வீட்ல யாரு இருக்காங்க?"

அவர் ஓரமாக, தரையில் போட்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லச் சொன்னால் ஒழியச் சொல்ல மாட்டார். கதவைச் சாத்தியவள் அவள்தானே.

"வெள்ளிக்கிழமை வாங்க. புண்ணு சுருங்கியிருக்கணும். இல்லன்னா அந்தக் கண்ணோட மேல் இமையையும் கீழ் இமையையும் சேத்துத் தைச்சுடுவேன். அழகாயிருக்காது. ஆனா கண்ணு மிஞ்சும். கருவிழியில ஓட்டை விழுந்துட்டா அதுவும் கையில இல்ல." டாக்டர் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. "நரம்பு இன்னும் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பழைய ஆபரேஷன் ஃபைல் கொண்டுவந்திருக்கீங்களா?"

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை அவர் பிரித்துப் பார்த்ததில்லை. டாக்டர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் கிளிப் போட்டு ஒரு படம் இருந்தது. "இது நீங்களா?" என்று கேட்டு, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் அழகு டாக்டர் சிவப்பு மையில் அம்புக்குறிகள் போட்டிருந்தார். தாடையில் ஒன்று. கழுத்தில் ஒன்று. இடது புருவத்தில் ஒன்று.

அவர் இரண்டு அடி முன்னால் வந்தார். தன் கையால் செய்த வேலையை ஒருவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துகொள்வான். ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். சொட்டு மருந்துச் சீட்டு எழுதி முடிகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. அவர் அவளுக்கு இடப் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று வராமல் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டார். மூன்று நிறுத்தம் போனது.

"அந்தப் படத்தை அன்னிக்கே நான் அழிச்சுட்டேன்" என்றார்.

"ஒண்ணு அச்சாயிடுச்சு."

"புருவத்தை ஏன் தூக்கினேன்னே எனக்குத் தெரியல. அது அவசியமே இல்ல. உன் முகத்துல அது எப்பவும் அப்படித்தான் கொஞ்சம் இறங்கி இருக்கும்."

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் சும்மா..."

"சும்மாதான் செஞ்சீங்க. அதுதான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்னாலதான்" என்று அவர் சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. "நீங்க ஒண்ணும் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போனேன். இறங்கற இடம் வந்துடுச்சு, எழுந்திருங்க" என்றாள்.

எட்டு மாதமாகக் காப்பாற்றி வைத்த கோபம் ஒரு பஸ் பயணத்தில் கைவிட்டுப் போய்விட்டது. இனி 'இது நீங்க செஞ்சது' என்று உள்ளுக்குள் சொன்னால், 'ஆமா' என்று பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும். அதில் என்ன தெம்பு இருக்கிறது?

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. இருவரும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள். அவர் கட்டில் ஓரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். அவள் களிம்பையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

இப்போது கேட்டால் மறுக்க மாட்டார். ஓடி வருவார். கும்பிடு போடுகிற மாதிரி வந்து நிற்பார், தண்டனை கேட்கிறவர் மாதிரி. அதுதான் அவளுக்கு வேண்டாம். குற்றவாளியின் கையில் இமையைக் கொடுப்பதைவிடத் தைத்துவிடுவதே மேல் என்று தோன்றியது. களிம்பைப் போட்டாள். சின்ன டாக்டர் சொன்னபடி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கீழே பார்த்தாள். வலது பக்கம் இருட்டானது. இடது பக்கம் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆள்காட்டி விரலால் இமையைத் தேடி இறக்கினாள். இறங்கியது. மறு கையால் டேப்பைக் கொண்டுவந்தாள். அது புருவத்தில் ஒரு முனையும் விரலில் ஒரு முனையுமாக ஒட்டிக்கொண்டது. எங்கே என்று பார்க்க வலது கண்ணைத் திறந்த நொடியில், விரலுக்கு அடியில் இமை வழுக்கி மேலே போனது.

அதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். எட்டு மாதமும் இதுவேதான் நடந்திருக்கிறது; இன்றைக்குத்தான் பார்க்கத் தெரிந்தது. இரண்டாவது துண்டு கசங்கிப் பந்தானது. மூன்றாவது இமை மயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வலியில் கழுவு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவந்த கண், சுருக்கமில்லாத தாடை, ஒரு பக்கம் இறங்கிய உதடு. யாருடைய முகம் இது? அவர் செய்த முகமும் இல்லை, டாக்டர் செய்த முகமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அவர் அதே இடத்தில் இருந்தார். தலையைத் தூக்கினார். இந்த முறை பார்வையை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. இடது கண்ணைத்தான் பார்த்தார். படத்தைப் பார்க்கிறபோது வருகிற பார்வை அவளுக்குத் தெரியும், எங்கே என்ன அதிகம், எங்கே என்ன குறை என்று தேடுகிற பார்வை. இது அது இல்லை. பயந்துபோயிருந்தார்.

அவள் டேப் உருளையைக் கட்டிலின் மேல் வைத்தாள். பக்கத்தில் களிம்பை வைத்தாள். கை கழுவிட்டு வாங்க என்று சொல்லத் தேவையில்லாமல் அவர் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தார். ஈரம் போகத் துண்டில் விரல் விரலாகத் துடைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சொன்னால்தான் வருவார்.

அவள் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். தலையணையைச் சரிசெய்துகொண்டாள். வலது கண்ணை மூடினாள். இடது கண்ணின் மேல் ஜன்னல் வெளிச்சம் பால் கொட்டினாற்போல் பரவியிருந்தது. அதன் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மங்கலான நிழல், அசையாமல்.

"என்னங்க" என்றாள்.

"இதைக் கொஞ்சம் மூடி விடுங்க."